நூலுக்கு அலமாரி உண்டு, தாளுக்கு?

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது ராஜாஜிக்கு வயது 46. சேலத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை அதற்கு முன்பே விட்டிருந்தார். கதர், மதுவிலக்கு, கல்கியைத் துணைக்கு வைத்து நடத்திய ‘விமோசனம்’ இதழ் என்று அந்த ஆசிரமத்தைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. சாக்ரடீசைத் தமிழில் எழுதியவரும், மார்க்கஸ் அரேலியசை ‘ஆத்ம சிந்தனை’யாகத் தந்தவரும், உபநிடதத்தையும் கீதையையும் எளிய நடையில் விளக்கியவரும் இதே மனிதர்தான். அரசியல் அவரை விழுங்கிவிட்டதால் நாம் அவரைத் தத்துவ வரிசையில் வைப்பதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் வாழ்ந்த தத்துவ எழுத்தாளர் யார் என்று கேட்டால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

அவருடைய நூல்கள் எந்தக் கிளை நூலகத்திலும் கிடைக்கும். கடிதத் தொகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் டெல்லி தீன்மூர்த்தி வளாகத்துக்குப் போக வேண்டும். நேரு நினைவு நூலகமாக இருந்து 2023-இல் பிரதமர்கள் அருங்காட்சியகம்-நூலகமாகப் பெயர் மாறிய இடம் அது. 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை ஏற்ற சேலம் விஜயராகவாச்சாரியாரின் தாள்களும் அங்கேதான் இருக்கின்றன. அவர் 1944-இல் மறைந்த பின் சேலத்தில் அவர் பெயரால் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் எழுந்தன. அவர் எழுத்துகளில் ஒரு பகுதி அங்கே வைக்கப்பட்டது. 

டெல்லிக்குப் போனதால் அந்தத் தாள்கள் பிழைத்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெல்லி கேட்டு வாங்காத அடுத்த படிக்காரர்களின் தாள்கள்தான் கவலைக்குரியவை. நாட்டு அளவில் பெயர் எடுக்காத வக்கீல், பள்ளி ஆசிரியர், சைவ சபைச் சொற்பொழிவாளர், பகுத்தறிவுப் பேச்சாளர் ஆகியோரின் நோட்டுப் புத்தகங்களுக்கு எந்த ஊரிலும் முகவரி கிடையாது.

நம் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பிள்ளைகள். அவை அச்சிட்ட நூலை வாங்கி, பதிவேட்டில் எண் போட்டு, இரவல் தருவதற்காக அமைந்தவை. கடிதக் கட்டுக்கு விலையும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. ஆர்வமுள்ள நூலகர் வாங்கி வைத்தாலும், அவர் மாற்றலாகிப் போன பின் அது பரண் பொருளாகிவிடும். நாட்டுடைமையும் இதற்கு உதவவில்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் யாரும் அவற்றை அச்சிடலாம். ஆனால் அந்த ஏற்பாடு பதிப்புரிமை பற்றியது. கையெழுத்துப் படியைக் கரையானிடமிருந்து காப்பது அதன் வேலை அல்ல.

பிழைத்த தொகுதிகளைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் உரிய காலத்தில் ஓர் ஆள் வாய்த்திருக்கிறார். மறைமலையடிகள் தம் நூல்களைத் தமிழ் மக்களுக்கென்றே உயிலில் எழுதிவைத்தார். 1950-இல் அவர் மறைந்தார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958-இல் அவற்றைக் கொண்டு சென்னையில் நூலகம் திறந்தது. உயில், பொறுப்பேற்ற அமைப்பு என்று இரண்டும் இருந்தும் எட்டு ஆண்டு ஆயிற்று. இரண்டும் இல்லாத வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மன் தத்துவவாதி ஹுஸ்ஸேர்ல் 1938-இல் இறந்தபோது சுருக்கெழுத்தில் சுமார் 40,000 பக்கங்கள் விட்டுச் சென்றார். அவர் யூதர் குலத்தில் பிறந்தவர், ஆட்சி ஹிட்லருடையது. வான் பிரேடா என்ற இளம் பெல்ஜியப் பாதிரியார் தூதரகத்தின் உதவியோடு அவற்றை லூவேனுக்குக் கடத்தினார். அமெரிக்கத் தத்துவவாதி பேர்ஸின் தாள்களுக்கு அப்படிப்பட்ட ஆபத்து எதுவும் இல்லை. 1914-இல் அவர் இறந்ததும் மனைவி அவற்றை ஹார்வர்டுக்கே கொடுத்துவிட்டார். ஆனாலும் தொகுப்பின் முதல் பாகம் 1931-இல்தான் வெளிவந்தது. எதிரி இருந்த இடத்தில் வேகமும், பாதுகாப்பு இருந்த இடத்தில் உறக்கமும் நேர்ந்திருக்கின்றன.

சேலத்துக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் ராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார். 1887-இல் அது அச்சேறியது. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த பிற்கால வாழ்வு முழுவதும் பாடநூல்களில் இருக்கிறது. தமக்கு வந்த கடிதங்களையும் சாமிநாதையர் கட்டிக் கட்டி வைத்திருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1943-இல் அவர் பெயரால் தோன்றிய நூலகம் அவற்றைக் காத்தது, ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்த முதல் தொகுதி 2018-இல் வந்தது. அந்தக் கடிதங்களை எழுதியவர்களில் பலர் வேறு எங்கும் ஒரு வரிகூட விட்டுச் செல்லாதவர்களாக இருக்கலாம். சங்க நூல் பதிப்புக்குச் சற்றும் குறையாத தொண்டு என்றே இதைக் கருதுகிறேன்.

இனி இந்தப் பக்கத்துத் தாள்களை யார் வாங்கி வைப்பது? சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் மைய நூலகம் உண்டு. பெரிய கட்டடம் தேவையில்லை. சேலத்து வெயிலுக்கு ஒளி படாத குளிர்ந்த ஓர் அறை, அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிகள், கடிதக் கட்டுக்கும் எண் கொடுக்க இடமுள்ள ஒரு பதிவேடு போதும். அதோடு, ஒரு வீட்டில் பெரியவர் இறந்தால் பழைய பேப்பர்க்காரருக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும் ஓர் ஊழியர் வேண்டும்.