நறுமணமும் நாற்காலியும்

நம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியின் அன்னை, சென்ற மாதம் தம் வார விடுமுறை நாளன்று மாலை நம்மைத் தேடி வந்தார். நகரத்துத் துணிக்கடை ஒன்றில், சேலைப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் கால் மடங்கும். இடுப்பு வலி, குதிகால் வலி. போதாததற்குச் சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை என்ற ஏக்கம். கையிலே ஓர் அட்டைப் பெட்டி. அதனுள் பன்னிரண்டு சிறு குப்பிகள். குப்பிகளுக்கு மேலே ஒரு சிறு நூல். அரை மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கட்டி வாங்கியிருக்கிறார். "எதை எதோடு கலக்கணும்னு புரியலை சார், படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நாம் ஆசிரியர், மருத்துவர் அல்லோம். ஆனால் நூல் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதைப் படிப்பதும், அதன் பொருளை நிறுத்துப் பார்ப்பதும் நம் தொழில். ஆகவே படித்தோம். விற்றவர் பெயரோ, நூலின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. இதுபோன்ற நூல்கள் நாட்டிலே நூற்றுக்கணக்கில் உலவுகின்றன. ஒன்றைப் படித்தவர் மற்றவற்றையும் படித்தவரே ஆவார்.

இந்நூல்கள் யாவற்றுக்கும் முதற்பக்கம் ஒன்றே. பிரெஞ்சு நாட்டு வேதியியலார் ரெனே மொரீஸ் கத்தஃபோசே தம் ஆய்வுக்கூடத்தில் கையைச் சுட்டுக்கொள்கிறார். துடிக்கிறார். பக்கத்திலே ஒரு தொட்டி. தண்ணீர் என்றெண்ணிக் கையை அதில் அமிழ்த்துகிறார். தண்ணீரல்ல அது, லாவெண்டர் மலரின் தைலம்! வலி பறந்தது, புண் ஆறிற்று, வடுவும் இல்லை, நறுமண மருத்துவம் பிறந்தது. எவ்வளவு எழிலான கதை! தல புராணங்களிலே பசு தானாகப் பால் சொரிந்த இடத்தில் கோயில் எழும்பும். இங்கே கை தானாகத் தோய்ந்த தொட்டியில் ஒரு மருத்துவமே எழும்புகிறது.

கத்தஃபோசே கற்பனை மனிதர் அல்லர். லியோன் நகரில் வாசனைப் பொருள் செய்யும் குடும்பத்தில் வந்தவர். 'நறுமண மருத்துவம்' என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைத் தலைப்பாக்கி 1937ல் நூல் எழுதியவரும் அவரே. அந்நூல் 1993ல் ஆங்கிலத்திலும் வந்தது. தம் கை சுட்ட செய்தியை அதில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் தொட்டிக் கதையை எழுதவில்லை. 1910 ஜூலையில் ஆய்வுக்கூடத்தில் வெடிப்பு நேர்ந்தது. உடலில் பற்றிய தீயைப் புல்தரையில் புரண்டு அணைத்தார். பின்னர் இரு கைகளிலும் திசு அழுகி வாயு பரவும் கொடிய நோய் கண்டது. அப்போது லாவெண்டர் தைலத்தால் கழுவினார். அழுகல் நின்றது, மறுநாள் ஆறத் தொடங்கியது என்கிறார். தவறி விழுந்த கை எங்கே? தெரிந்தே கழுவிய கை எங்கே? தைலங்களின் இயல்பை அறிந்த வேதியியலார் ஒருவர், கிருமியைத் தடுக்கும் என்று கருதி ஒரு பொருளைப் பயன்படுத்தினார். மூல நூல் கூறுவது இவ்வளவே. பின்வந்தோர் அறிவாளியின் செயலை அற்புதமாக மாற்றிவிட்டனர். அவருக்கு அவர்கள் செய்த மரியாதை இது!

சரி, மூலக் கதையே மெய் என்று வைத்துக்கொள்வோம். அதனால் நிறுவப்படுவது என்ன? இதை நாம் ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக் கேட்டோம். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "ரெண்டு கையையும் ஏன் சார் அதிலேயே கழுவினார்? ஒரு கையை அதிலேயும் இன்னொரு கையைத் தண்ணியிலேயும் கழுவியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே!" என்றான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அறிவியலின் அடித்தளத்தையே அல்லவா அவன் தொட்டுவிட்டான்! சாகும் தறுவாயில் இருப்பவர் தண்ணீரில் ஒரு கையைக் கழுவிச் சோதனை நடத்த வேண்டியதில்லை, அது வேறு. ஆனால் அவர் பிழைத்த செய்தியை ஆதாரமாகக் கொண்டு பன்னிரண்டு குப்பிகளை விற்பவர், அந்தச் சோதனையைக் காட்டியே தீரவேண்டும்.

அந்தத் தண்ணீர்ச் சோதனையை நடத்தியும் பார்த்துவிட்டனர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர் என்னும் அம்மையாரும் குழுவினரும் 2008ல் வெளியிட்ட ஆய்வு அது. நலமாயிருந்த ஆண்களும் பெண்களுமாக 56 பேர். பஞ்சில் எலுமிச்சைத் தைலம், லாவெண்டர்த் தைலம், வெறும் வாலை நீர் என ஒவ்வொரு நாளைக்கு ஒன்றாகத் தோய்த்து, மூக்கின் கீழே ஒட்டினர். ஒரு சாராரிடம் இன்ன மணம் இன்ன பயன் தரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மறு சாராரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நம்பிக்கை செய்யும் வேலையையும் மணம் செய்யும் வேலையையும் பிரித்துப் பார்க்கவே இந்த ஏற்பாடு. பிறகு பாதங்களைப் பனிநீரில் வைக்கச் சொல்லி வலியை அளந்தனர். தோலில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, அது எவ்வளவு விரைவில் ஆறுகிறது என்று பார்த்தனர். குருதியில் சுரப்புகளையும் நோய் எதிர்ப்பின் அடையாளங்களையும் அளந்தனர்.

முடிவு என்ன? எலுமிச்சை மணம் மனநிலையை உயர்த்திற்று. முன்கூட்டிச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உயர்த்திற்று. லாவெண்டருக்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை. வலியோ, இரண்டினாலும் குறையவில்லை. தோலும் விரைந்து ஆறவில்லை.

பகுத்தறிவு பேசும் தோழர்கள் சிலர் இவ்விடத்தில் அவசரப்படுவதுண்டு. "எல்லாம் புரட்டு!" என்று ஒரே சொல்லில் குப்பிகளைச் சாக்கடையில் கொட்டச் சொல்வார்கள். நாம் அதற்கு உடன்படவில்லை. எலுமிச்சை மணம் ஒருவரைச் சற்றே மகிழ்விக்கிறது என்றால் அது மெய். மெய்யை மறுப்பது பகுத்தறிவாகாது. மூக்கிலிருந்து செல்லும் நரம்பு, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புடையது. மழை நனைத்த மண்ணின் வாசம் பிள்ளைப் பருவத்தைக் கண்முன் கொண்டுவருவது அதனால்தான்.

புதினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மெந்தால் தோலைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனையில் ஒரு சிறு வாயில் உண்டு. குளிர் பட்டால் திறக்கும் அந்த வாயிலை மெந்தாலும் திறந்துவிடுகிறது. மூளை ஏமாந்து, குளிர்கிறது என்கிறது. 2002ல் கண்டறிந்த செய்தி இது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் வழியை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூடியன் இருவருக்கும் 2021ல் நோபெல் பரிசு கிடைத்தது. ஜெர்மனியில் 1990களில் நடந்த சோதனைகளில், நெற்றியில் தடவிய புதினாத் தைலக் கரைசல் சாதாரணத் தலைவலியைத் தணித்ததும் உண்டு. பல் மருத்துவர் தற்காலிக அடைப்புக்குக் கிராம்புத் தைலத்தின் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைப்பதை யாரும் மூடநம்பிக்கை என்பதில்லை. எது, எவ்வளவு, எதற்கு என்று சோதித்து அறிந்தபின் தைலமும் மருந்தே.

நம் கையிலிருந்த நூலோ, 'எது, எவ்வளவு, எதற்கு' என்ற மூன்று வினாக்களையும் மூன்று சொற்களால் மூடுகிறது. சமநிலை, ஆற்றல், இயற்கை. எந்தச் சமநிலை? எதற்கும் எதற்கும் இடையே? விடையில்லை. நோய்களின் பெயரை மட்டும் நூலாசிரியர் விழிப்போடு தவிர்க்கிறார். குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் 1954லேயே வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, 'தீரும்' என்னாமல் 'இதமளிக்கும்' என்கிறார். படிப்பவர் மனத்தில் 'தீரும்' என்றே பதிகிறது. சட்டத்துக்கு ஒரு சொல், சம்பளக்காரருக்கு ஒரு பொருள்!

'இயற்கை' என்ற சொல்லைப் பற்றித் தமிழருக்கு நீண்ட விளக்கம் வேண்டா. அரளியும் இயற்கைதான், எட்டிக்கொட்டையும் இயற்கைதான். பெட்டியில் இருந்த குப்பிகளுள் ஒன்று விண்டர்கிரீன் தைலம். நீலகிரிக்குச் சுற்றுலா சென்று வருவோர் மூட்டு வலிக்கென வாங்கி வருவது. அது ஏறத்தாழ முழுவதும் மெதில் சாலிசிலேட். ஆஸ்பிரினின் உறவுப் பொருள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி உள்ளே போனால், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகளை இருபதுக்கு மேல் விழுங்கியதற்கு ஒப்பாகும். சிறு குழந்தையின் உயிருக்கே அது போதும். கர்ப்பூரம் குழந்தையின் வயிற்றுள் போனால் வலிப்பு வரும். மிட்டாய் போல் மணக்கும் இக்குப்பிகளின் மூடியைத் திருகினால் திறந்துவிடுகிறது. குழந்தைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லி ஒரு வரியேனும் உண்டா என்று நூலை முன்னும் பின்னும் புரட்டினோம். இல்லை.

மனச்சோர்வுக்கு மூலிகைக் கஷாயம் பற்றியும் ஓர் அத்தியாயம். ஐரோப்பாவில் புனித யோவான் பூண்டு என்னும் மஞ்சள் மலர்ச் செடியை நூல் புகழ்கிறது. இங்கும் பாதி மெய் இருக்கிறது. சோதனைகள் பலவற்றை ஒன்றுதிரட்டி 2008ல் வெளியிட்ட மதிப்பீட்டில், வெறும் மாத்திரையைக் காட்டிலும் அப்பூண்டின் சாறு மனச்சோர்வில் பயன் தந்தது. ஆனால் எஞ்சிய பாதியை நூல் விழுங்கிவிட்டது. அப்பூண்டு ஈரலைத் தூண்டி, பிற மருந்துகளை உடல் விரைவில் கழித்துவிடச் செய்கிறது. கருத்தடை மாத்திரை, குருதி உறையாமல் காக்கும் மருந்து, மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் காக்கும் மருந்து எல்லாம் வலுவிழக்கின்றன. மாற்று இதயம் பெற்றவர்கள் இப்பூண்டை உட்கொண்டதால் உடல் அந்த இதயத்தை ஒதுக்கத் தொடங்கிய செய்தி 2000ல் மருத்துவ ஏட்டிலேயே வந்தது. வேலை செய்யும் பொருள் எதுவாயினும் தீங்கும் செய்யவல்லது. தீங்கே செய்யாது என்று ஒருவர் கூறினால், வேலையும் செய்யாது என்று அவர் ஒப்புக்கொள்வதாகவே நாம் கொள்வோம்.

இறுதியாகக் கலவைக்கு வருகிறோம்; அந்த அன்னை கேட்டது அதைத்தானே! ஆளுக்கு ஆள் தனிக் கலவை என்ற வழக்கத்தைப் பரப்பியவர் மார்கெரித் மோரி என்னும் அம்மையார். 1961ல் வந்த அவர் நூலின் நோக்கம் இளமையும் எழிலும். தைலத்தைக் காயத்திலிருந்து எடுத்து உடல் பிடித்துவிடும் கைக்குக் கொண்டுவந்தவர் அவர். இந்த மாற்றத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் பரிவோடு அருகமர்ந்து, என்ன வலி, எங்கே வலி என்று கேட்டு, அரை மணி நேரம் முதுகைப் பிடித்துவிட்டால் யாருக்குத்தான் இதமாயிராது? புகழ் குப்பிக்குப் போகிறது. கையின் பங்கு எவ்வளவு, தைலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முயன்ற ஆய்வுகள் புற்றுநோயாளிகளிடையே நடந்துள்ளன. 2016ல் அவற்றைத் தொகுத்து மதிப்பிட்டவர்கள், உறுதியாகச் சொல்லும் தரம் அவற்றுக்கு இல்லை என்றே முடித்தனர். ஆனால் நூலில் காணும் கலவைக் கணக்கோ, நாலு சொட்டு இது, மூன்று சொட்டு அது என்று மருந்தாளுநரையே நாணச் செய்யும் துல்லியம்! மூன்றுக்குப் பதில் ஐந்து சொட்டு விட்டால் என்ன ஆகும்? அதைச் சோதித்தவர் யார்? மந்திரத்தை 108 முறை சொல்லச் சொல்பவரிடம் 107 முறை சொன்னால் என்ன ஆகும் என்று கேட்பது போலத்தான்.

மறு வாரம் அந்த அன்னை மீண்டும் வந்தார். விண்டர்கிரீன் குப்பியையும் கர்ப்பூரத் தைலத்தையும் சிறுவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொன்னோம். எந்தத் தைலத்தையும் உள்ளே சாப்பிட வேண்டா என்றோம். எலுமிச்சைக் குப்பியைக் காட்டி, மணம் பிடித்திருந்தால் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகருங்கள், தவறில்லை என்றோம். மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறி, புறநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தோம். வலி என்பது உடல் அனுப்பும் ஓலை. படிக்காமலே அதன்மேல் வாசனை தெளிப்பானேன்?

அப்போதுதான் நமக்கு ஒன்று தோன்றிற்று. அவர் வலி தொடங்கும் இடம் இடுப்பல்லவே, கடையல்லவா! கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுவோர் உட்கார இருக்கை தரவேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றே தீர வேண்டிய நிலை கூடாது என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. 2018ல் கேரளம் காட்டிய வழி அது. பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்கும் கால்களுக்குச் சட்டம் எழுதித் தந்த தைலம் அல்லவா அது? நூற்றியிருபது பக்க நூலில், நிற்கும் நேரத்தைக் குறையுங்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. இருக்காது. நாற்காலியைக் குப்பியில் அடைத்து விற்க முடியாதே!

"உங்கள் கடையில் உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டோம்.

"போட்டிருக்காங்க சார். ஆய்வுக்கு ஆள் வந்தப்ப வாங்கினது. இப்ப அது மேல சேலைக் கட்டு அடுக்கி வெச்சிருக்கு" என்றார்.