மூன்று புள்ளியும் பேசாத வீரனும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளில், புத்தக விதியைத் திருத்திக்கொள்ளாத குழு கிடையாது. நாங்களும் திருத்தினோம், தப்பாகத் திருத்தினோம்.

2009-இல் வந்த 'பாத்ஃபைண்டர்' விதிப்படி, பாத்திர வகைக்குரிய திறனில் ஒரு புள்ளி போட்டாலே கூடுதலாக 3 கிடைக்கும். இருபது முகப் பகடையில் அது 15 விழுக்காடு வாய்ப்பு. "சண்டை முடிஞ்சா எனக்கு வேலையே இல்லப்பா" என்றார் வீரனாக ஆடும் நண்பர். அவருக்கு மட்டும் 3-ஐ 5 ஆக்கினோம். நீச்சலும் குதிரையேற்றமும் உயர்ந்தன. மனுஷன் அப்போதும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

காரணம், சமரசம் பேசுவதும் கூர்ந்து கவனிப்பதும் வீரனின் பட்டியலிலேயே இல்லை. அறிவுத்திறன் கணக்கைச் சேர்க்காமல், நிலைக்கு நிலை திருடனுக்கு 8 திறன்புள்ளி, வீரனுக்கு 2. புத்தகத்தின் ஓரவஞ்சனை அங்கேதான் இருக்கிறது. நாங்கள் கை வைத்ததோ வேறு இடத்தில்.

இப்போது 3 அப்படியே இருக்கிறது. வீரனுக்கு 4 புள்ளி. பட்டியலில் விருப்பப்பட்ட இரண்டு திறன்களைச் சேர்த்துக்கொள்ளலாம். திருடன் இன்னமும் முந்தித்தான் நிற்கிறான், நிற்கட்டும். காவலுக்கு நிற்பவனுக்குக் காலடிச் சத்தமாவது கேட்க வேண்டாமா?