சிவப்புப் பிசாசும் அலுமினியப் பெட்டியும்

அக்கா போனில் ஹலோகூடச் சொல்லவில்லை. ‘‘எல்லாம் உன்னாலதாண்டா’’ என்றாள். பிறகு அழுதாள்.

அவள் மகன் கொல்லிமலையில் பைக்கோடு விழுந்து, நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஐம்பத்துச் சொச்சத்தை நல்லபடியாகக் கடந்தவன், லேசான தூறலில், இருபது கிலோமீட்டர் வேகத்தில் விழுந்திருக்கிறான். வேகமாகப் போய் விழுந்திருந்தால் திட்டிவிட்டு விட்டுவிடலாம். மெதுவாகப் போய் விழுந்தவனை என்ன செய்ய?

நான் எங்கே இதில் வந்தேன் என்றால், அவன் பிளஸ் டூ முடித்த லீவில் ஒரு டி.வி.டி. செட் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ‘லாங் வே ரவுண்ட்’. இங்கிலாந்து டி.வி. தொடர். ‘ஸ்டார் வார்ஸ்’ நடிகர் இவான் மெக்ரிகரும் அவர் நண்பர் சார்லி பூர்மனும் (‘டெலிவரன்ஸ்’ எடுத்த ஜான் பூர்மனின் மகன்) 2004 ஏப்ரலில் லண்டனில் பைக்கைக் கிளப்பி, ஐரோப்பா, உக்ரைன், கஜகஸ்தான், மங்கோலியா, சைபீரியா என்று கிழக்கே கிழக்கே போய், அலாஸ்கா வழியாக ஜூலை கடைசியில் நியூயார்க் சேர்ந்த கதை. ஏறத்தாழ முப்பதாயிரம் கிலோமீட்டர். ‘‘பாருடா, உலகம் எவ்ளோ பெருசு’’ என்று சொல்லிக் கொடுத்தேன். பயல் உலகத்தைப் பார்க்கவில்லை. பைக்கின் பக்கவாட்டில் தொங்கிய பெட்டியைப் பார்த்திருக்கிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரண்டு ராத்திரியில் அந்தத் தொடரை லேப்டாப்பில் மறுபடி முழுசாகப் பார்த்தேன். இந்த வார விமர்சனம் அதைப் பற்றித்தான். இருபது வருஷம் லேட். பரவாயில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி விழுகிற ஹீரோக்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மங்கோலியாச் சேற்றில் இரண்டு பேரும் விழுகிறார்கள், தூக்குகிறார்கள், மறுபடி விழுகிறார்கள். ஒரு கட்டத்தில், ‘போதும், ரஷ்யாவுக்கே திரும்பிவிடலாம்’ என்று வாய்விட்டுப் பேசுகிறார்கள். நம் ஊர் நடிகராக இருந்தால் அந்தக் காட்சி எடிட்டிங் டேபிளிலேயே செத்திருக்கும்.

ஆனால் தொடரின் ஆரம்பப் பகுதிகள் என்ன? ஷாப்பிங், ஸார், ஷாப்பிங்! கராஜ் முழுக்கச் சாமான். கூடாரம், அடுப்பு, காமிரா, மருந்து, கயிறு. கே.டி.எம். கம்பெனி பைக் தர யோசித்து, கடைசியில் பின்வாங்கிவிட, சார்லி கலங்குகிறார். பிறகு பி.எம்.டபிள்யூ. கை கொடுக்கிறது. ஆர் 1150 ஜி.எஸ். அட்வெஞ்சர். வெறும் வண்டியே சுமார் 250 கிலோ. அதன் இருபுறமும் பெட்டி, பின்னால் மூட்டை, மேலே இன்னொரு மூட்டை.

நான் பி.காம். படித்தவன். எந்தக் கதையைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகத்தைத் தேடுகிற வியாதி உண்டு. இந்தத் தொடரில் செலவுப் பக்கம் காலி. இனாமாக வந்த பைக்குக்குத் தேய்மானம் எழுத வேண்டியதில்லை. பெட்டி நசுங்கினால் நஷ்டக் கணக்கு இல்லை. சற்றுத் தூரத்தில் ஆளும் ஜீப்பும் உண்டு. அதை மறைக்கவும் இல்லை, நேர்மையாகவே காட்டுகிறார்கள். ஆனால் பார்க்கிற பையன் கண்ணுக்கு ஜீப் தெரிவதில்லை. பெட்டி தெரிகிறது. சாகசம் என்றால் பெட்டி என்று ஒரு தலைமுறைக்குப் படம் பிடித்துக் காட்டியதில் இந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் குற்றச்சாட்டு.

பெட்டிக்கு எதிரான சாட்சியும் அதே தொடரில் இருக்கிறது, அதுதான் வேடிக்கை.

காமிராமேன் கிளாடியோ வான் பிளான்டா மூன்றாவது பைக்கில் வந்தார். பயணத்துக்கு முன் நடந்த பைக் லைசென்ஸ் டெஸ்ட்டில் ஃபெயிலான மனுஷன். மங்கோலியாவில் அவருடைய பி.எம்.டபிள்யூ.வின் சட்டம் உடைகிறது. அதற்குப் பதிலாக அங்கேயே ஒரு ரஷ்ய பைக் வாங்குகிறார்கள். ‘இஷ் பிளானெட்டா 5’. ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சிவப்பு கலர். ‘சிவப்புப் பிசாசு’ என்று பெயர் வைத்துவிட்டு அதிலேயே அவர் தொடர்கிறார். கம்ப்யூட்டர் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. நம்ம ஊர் பழைய எஸ்டி, ராஜ்தூத் ஜாதி. கெட்டுப்போனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவனும் கை வைக்கலாம். மொத்தத் தொடரில் என் மனசுக்கு நெருக்கமான காட்சி இதுதான். ஆனால் இயக்குநர்கள் இதைக் காமெடி டிராக் போல ஒதுக்கிவிட்டு, மறுபடி பெரிய பைக்குகளிடம் ஓடிவிடுகிறார்கள். கையில் கிடைத்த கதையைக் கீழே போட்டார்கள்!

பைக்கின் பின்புறச் சட்டம் ஒரு நெம்புகோல் மாதிரி. பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிற ஒவ்வொரு கிலோவும், குழியில் விழுந்து எழும்போது பல மடங்காக இழுக்கும். அதே நேரம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும். ஹேண்டில்பார் லேசாகிவிடும். லேசாகிவிட்டால் ஓட்ட சுகமாக இருக்கும். வளைவில்தான் தெரியும் அது சுகமில்லை என்று.

இனி, மருமகன் கணக்கு. அவன் பைக் நம் ஊரில் கிடைக்கிற நடுத்தர அட்வெஞ்சர் வண்டி. 2016-ல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் (411 சி.சி.) வந்த பிறகு இந்த ஜாதிக்கு இங்கே ஒரு பெரிய கூட்டம் சேர்ந்தது தெரிந்த கதை. இவன் வாங்கியது வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். வாங்கிய மூன்றே மாதத்தில் ஒரு கடைக்காரர் (அவர் பெயரும் வேண்டாம்) எண்பத்தாறாயிரம் ரூபாய்க்குப் பில் போட்டிருக்கிறார். அலுமினியப் பெட்டி இரண்டு, அதைத் தாங்க இரும்புச் சட்டம், கிராஷ் கார்டு, எக்ஸ்ட்ரா லைட் இரண்டு, உயர்ந்த கண்ணாடி, ஜெர்ரி கேன். அப்புறம், டயர்.

டயர்தான் விஷயம்.

கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் தார் ரோட்டுக்கும் மண் ரோட்டுக்கும் பாதிப்பாதியாகச் சமரசம் செய்துகொண்டது. கல்யாண வீட்டில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே ஓடுகிற சித்தப்பா மாதிரி. யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் காரியம் நடந்துவிடும். அதைக் கழற்றிவிட்டுப் பயல் போட்டது, கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயர்.

சேற்றில் அதற்கு நிகர் இல்லை. கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சேறு புகும், கட்டை மண்ணைக் கவ்வும், சக்கரம் சுழல்கிற வேகத்தில் சேறு தெறித்து வெளியேறும். தார் ரோட்டில் கதை தலைகீழ். பைக் டயர் தரையைத் தொடுகிற இடமே உள்ளங்கை அளவுதான். அதிலும் பாதி பள்ளம் என்றால் மிச்சம் எவ்வளவு? வண்டியைச் சாய்க்கும்போது கட்டைகள் வளைந்து கொடுக்கும். ஈரத்தில் பிரேக் பிடித்தால் நிற்கிற தூரம் கூடும். சீக்கிரம் தேயவும் செய்யும், அதுவும் நடுவில் மட்டும். புது டயராக இருந்தால் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்தோல் வழவழப்பு போகிறவரை மகா ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

‘‘ஏண்டா இதைப் போட்டே?’’ என்று கட்டிலருகே கேட்டேன்.

‘‘லுக்கு மாமா.’’

உண்மையைச் சொன்னதற்காக மன்னித்தேன். வருஷத்தில் எத்தனை நாள் மண் ரோட்டில் ஓட்டுகிறான் என்று கேட்டதற்கு விரல் விட்டு எண்ணி நான்கு என்றான். மிச்ச நாளெல்லாம் ஆபீஸ். சென்னை டிராஃபிக்கில் மங்கோலியா டயர்! நான்கு நாளுக்காக மிச்ச முந்நூற்று அறுபத்தொரு நாளைக் கடன் வைத்திருக்கிறான். இதை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடைசி அடி காற்று. முந்தின நாள் மலையடிவாரத்தில் மணல் பாதையில் ஓட்டுவதற்காக டயரில் காற்றைக் குறைத்திருக்கிறான். அது சரியான முறைதான். காற்று குறைந்தால் டயர் பரந்து மணலில் மிதக்கும். திரும்பத் தார் ரோடு ஏறியதும் நிரப்ப வேண்டும். ஞாபகம் இல்லை. பெட்டி நிறையச் சாமான் இருந்தால் பின்டயருக்குக் காற்று இன்னும் கூடுதலாக வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதைப் பிரிக்கவே இல்லை. ட்யூப் டயரில் காற்று குறைவாக வைத்து ஓட்டினால் இன்னொரு தொல்லை: குழியில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். அவனுக்கு அது நடக்கவில்லை. அதற்கு முன்பே ஈர வளைவில் பின்சக்கரம் நழுவிவிட்டது. வண்டி சாய, பயல் இயல்பாகக் காலை ஊன்றியிருக்கிறான். ஊன்றிய காலின் மேல் பின்னாலிருந்து வந்தது அலுமினியப் பெட்டி. துணிப்பை என்றால் மடங்கியிருக்கும். பெட்டி மடங்கவில்லை. கால் மடங்கியது.

எல்லாப் பெட்டியையும் தூக்கி எறி என்று சொல்ல மாட்டேன். கிராஷ் கார்டு அன்றைக்கு இன்ஜினைக் காப்பாற்றியது, நானே பார்த்தேன். பூட்டிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டுமென்றால் பெட்டி சௌகரியம். நெடுஞ்சாலைக்காரருக்கு ஓ.கே. மண்ணில் காலை ஊன்றி ஊன்றிப் போகிறவருக்குத் துணிப்பை. இதை அந்தக் கடைக்காரர் அவனிடம் கேட்டிருக்க வேண்டும்: ‘தம்பி, எங்கே ஓட்டப் போறீங்க?’ ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் பில் பாதியாகியிருக்கும், அதனால் கேட்கவில்லை.

தொடரில் இன்னொரு ஆளையும் சந்திக்கிறோம். மங்கோலியாவில் வந்து சேர்ந்துகொள்ளும் டெட் சைமன். 1973-லிருந்து நான்கு வருஷம், ஒரு 500 சி.சி. டிரையம்ஃபில் தன்னந்தனியாக உலகைச் சுற்றியவர். 1979-ல் வந்த அவருடைய ‘ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்’ புத்தகத்தின் தலைப்பே, இந்தியாவில் ஒருவர் ‘நீதான் ஜூபிடர்’ என்று சொன்ன குறியிலிருந்து வந்தது. (இஷ் கம்பெனிக்கும் ‘ஜூபிடர்’ என்று ஒரு பைக் உண்டு!) அவர் கிளம்பிய காலத்தில் அட்வெஞ்சர் டயர் என்று கடையில் தனி அலமாரி கிடையாது. அவரை இன்னும் பத்து நிமிஷம் பேசவிட்டிருக்கலாம்.

இவானும் சார்லியும் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. 2007-ல் ஸ்காட்லாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா, 2020-ல் வெளியான தொடரில் எலெக்ட்ரிக் பைக்கில் தென் அமெரிக்கா. 2025-ல் வந்த ‘லாங் வே ஹோம்’ தொடரில் என்ன வண்டி தெரியுமா? இவானுக்கு எழுபதுகளின் மோட்டோ கூஸி, சார்லிக்கு எழுபதுகளின் பி.எம்.டபிள்யூ. அரை நூற்றாண்டுப் பழசு! வழியில் மக்கர் பண்ணும் என்று தெரிந்தே எடுத்துப் போனார்கள். சிவப்புப் பிசாசிடம் வந்து சேர இவர்களுக்கு இருபத்தோரு வருஷம் ஆகியிருக்கிறது.

பயல் இப்போது வாக்கரில் நடக்கிறான். அக்கா என்னோடு பேசுகிறாள், ஆனால் போனில் மட்டும். பைக்கை விற்றுவிடச் சொல்லி வீட்டில் ஒரே பிடியாக நிற்கிறார்கள். அவன் என்னை வக்கீலாகப் பிடித்திருக்கிறான். பெட்டிகளை விற்றாகிவிட்டது, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பழைய டயர் கடையிலேயே கிடந்தது, திரும்ப வாங்கி வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காற்றளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், முந்நூற்று ஐம்பது ரூபாய். சோபாவில் உட்கார்ந்தபடியே அக்காவின் ஸ்கூட்டரைத் தள்ளிவரச் சொல்லி, அளந்து பார்த்துவிட்டுக் கத்தினான்:

‘‘மாமா, அம்மா வண்டியில காத்தே இல்ல!’’