பெரிய தொட்டிக்குச் சிறிய மீன்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், திருமழிசையை அடுத்து வருவது குத்தம்பாக்கம். ஒரு காலத்தில் ஊராட்சி நிர்வாகத்துக்காகப் பேசப்பட்ட ஊர். இன்று பேருந்து முனையத்துக்காகவும் மனைப்பிரிவுகளுக்காகவும் பேசப்படுகிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாடகை வீட்டில் இரண்டடித் தொட்டியோடு திருப்திப்பட்டவர்கள் இந்தப் பக்கம் தரைத்தளத்தோடு தனிவீடு கட்டும்போது, முதலில் பெரிதாவது கூடம். அடுத்துப் பெரிதாவது மீன்தொட்டி. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று கண்ணாடி வெட்டச் சொல்கிறார்கள். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர். அந்தத் தண்ணீரின் எடையே 680 கிலோ. வீட்டு மாடித்தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை தாங்கும்படிதான் வடிவமைப்பது வழக்கம். இந்தத் தொட்டியோ தான் நிற்கும் இடத்தில் அதைப் போல மூன்று மடங்கு அழுத்தும். ஆகவே மாடியில் வைக்க நினைப்பவர்கள் கட்டடப் பொறியாளரிடம் கேட்ட பிறகு மீன்கடைக்குப் போவது நல்லது.

தொட்டி வந்ததும் எழும் முதல் கேள்வி, "இதுல எவ்வளவு பெரிய மீன் விடலாம்?" என்பது. இந்தக் கேள்விதான் பிழை என்பது என் கருத்து. பெரிய தொட்டியின் அருமையே அதில் சிறிய மீன்களை வாழவைக்க முடிவதில் இருக்கிறது. பெரிய மீனை விட்ட கணமே பெரிய தொட்டி சின்னத் தொட்டியாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன்சந்தைக்குப் போய்த் திரும்பும் ஒரு குடும்பத்தின் பைகளில் வழக்கமாக என்ன இருக்கும்? "ஷார்க்" இரண்டு, ஆஸ்கர் இரண்டு, டின்ஃபாயில் பார்ப் நான்கு, ஏஞ்சல் ஒரு ஜோடி, குழந்தை கேட்டதற்காகக் கோல்ட் ஃபிஷ் நான்கு, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர். எல்லாம் விரல் நீளம். கடைத்தொட்டியில் எல்லாமே சாதுவாகத் தெரியும். ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இரண்டு மீனைக் கண்டுபிடிப்பதே கடினம். கோல்ட் ஃபிஷ் இருபது டிகிரியை ஒட்டிய குளிர்நீரில் நலமாக இருப்பது. ஆஸ்கர் ஓர் அடி வளர்ந்து, வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். டின்ஃபாயில் பார்பும் ஓரடியைத் தாண்டும். ஏஞ்சலின் நீண்ட துடுப்புகள் இந்தப் பார்பின் பரபரப்புக்கு நடுவே தாங்கா.

அந்த "ஷார்க்" சுறாவே அல்ல. ஆந்திரக் குளங்களில் டன் கணக்கில் வளர்க்கப்படுகிற பங்காசியஸ் கெளுத்திதான் அது. உணவகத்தில் "பாசா" என்று வரும் துண்டும் அதுவே. நன்றாகத் தீனி போட்டால் குளத்தில் ஓராண்டுக்குள் ஒரு கிலோவைத் தொடும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரைக் கடக்கும். கூட்டமாக ஆற்றில் நீந்த வேண்டிய, எளிதில் மிரளும் மீன் அது. கூடத்தில் யாராவது விளக்கைப் போட்டால் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்கிறது. இதை வீட்டுத் தொட்டிக்கென விற்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ரெட் டெயில் கேட்ஃபிஷுக்கும் இதே கணக்குதான். சில்வர் அரோவானா தொண்ணூறு சென்டிமீட்டர் வரை வளரும். நம் தொட்டியின் அகலமோ அறுபது. அது திரும்புவதற்குத் தன் உடலை வளைத்தாக வேண்டும், வாழ்நாள் முழுக்க.

எத்தனை மீன் விடலாம் என்பதற்குப் பொழுதுபோக்காளர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு கேலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். 680 லிட்டர் என்பது சுமார் 180 அமெரிக்க கேலன். அப்படியானால் ஓரடி ஆஸ்கர் பதினைந்து விட்டாலும் சரி, ஒன்றரை அங்குல டெட்ரா 120 விட்டாலும் சரி, இரண்டும் ஒன்று என்கிறது அந்தக் கணக்கு. இந்த விதியின் நன்மை, அது புதியவரைக் கொஞ்சமாவது தயங்க வைக்கிறது; சின்ன மீன்களைப் பொறுத்தவரை ஓரளவு சரியாகவும் வருகிறது. பெரிய மீனிடம்தான் உடைகிறது. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஒரே உடல்வாகு என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆஸ்கரின் எடை 512 டெட்ராக்களின் எடைக்குச் சமம். பதினைந்து ஆஸ்கர் என்பது ஏழாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட டெட்ரா. கிராமுக்குக் கிராம் சின்ன மீன் கூடுதலாக மூச்சு வாங்கும் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பயங்கரமானது. மீன் தின்னும் புரதம் அம்மோனியாவாக வெளியேறுகிறது; ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை வெளியேற்றப் பெரும்பாலும் வாளியும் குழாயும்தான் வழி. புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் நிலைபெற்று "சைக்கிள்" ஆக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு முன்பே நிறைத்துவிடுவதால்தான் முதல் மாதத்திலேயே மீன்கள் சாகின்றன; பழி மட்டும் கடைக்காரர்மேல் விழுகிறது.

பெரிய மீன் வளர்ப்பவர்கள் தரப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆஸ்கரும் ஃப்ளவர்ஹார்னும் வளர்ப்பவரை அடையாளம் காணும், கைக்கு வரும், சோறு போடும் நேரம் தெரிந்து கண்ணாடி ஓரம் காத்திருக்கும். நூறு டெட்ராக்களிடம் கிடைக்காத உறவு அது. வாஸ்து நம்பிக்கைக்காக ஃப்ளவர்ஹார்னையோ அரோவானாவையோ வாங்குபவர்களை ஏளனம் செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்த மீன் பெரும்பாலும் தனியாகத்தான் வைக்கப்படுகிறது, நல்ல தீனி பெறுகிறது, தண்ணீர் தவறாமல் மாற்றப்படுகிறது. 680 லிட்டரில் ஓர் ஆஸ்கர் ஜோடி மட்டும் என்றால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் தனியாக விட்ட மீன் பாவம் என்று பிறகு ஏதாவது துணை சேர்க்கிறார்கள். அங்கேதான் சீரழிவு தொடங்குகிறது. ஆசிய அரோவானா மட்டும் வேறு வகை. அது அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாது.

கொளத்தூர் மீன்வணிகத்தின் உண்மையான பலம் தண்ணீரில் இருக்கிறது. அதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. கொளத்தூர், புழல், காவாங்கரை, செங்குன்றம் தொடங்கித் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் வரை, வீட்டுப் பின்கட்டிலும் சிமென்ட் தொட்டியிலும் மோலி, கப்பி, பிளாட்டி, கவுராமி, ஏஞ்சல், பார்ப் என்று குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். உள்ளூர் நிலத்தடி நீரிலும் நம் மே மாத வெயிலிலும் பிறந்து தேறிய மீன்கள் அவை. குத்தம்பாக்கம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. குழாய் முனையிலும் வாளி விளிம்பிலும் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. இறக்குமதியான கார்டினல் டெட்ராவையும் டிஸ்கஸையும் அந்தத் தண்ணீரில் விடுவது கொடுமை. அவை அமேசானின் மென்னீர் மீன்கள். ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சமாளிக்கலாம்தான். வாரத்துக்கு 170 லிட்டர் மாற்ற வேண்டிய தொட்டிக்கு அதை எத்தனை மாதம் செய்வார்கள்? அதே கடின நீர் மோலிக்கும் பிளாட்டிக்கும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிச்சிலிட்டுகளுக்கும் வாய்ப்பான நீர். தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றுவதைவிட, மோட்டார் போட்டால் வரும் தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்வது இரு தரப்புக்கும் நல்லது. ஆகவே தேர்வு தொடங்க வேண்டிய இடம் சொந்த வீட்டுக் குழாய். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துப்போய் கடினத்தன்மையும் பி.ஹெச்சும் பார்க்கச் சொன்ன பிறகே மீன்தொட்டிப் பக்கம் கண்ணைத் திருப்ப வேண்டும்.

பலவீனமும் அதே கொளத்தூரில்தான். கடையில் மீனின் பெயரும் ஜோடி விலையும் எழுதியிருக்கும். முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம், எத்தனை சேர்ந்து வாழ வேண்டும், எந்தத் தண்ணீர் என்று எழுதியிருக்காது. கேட்டால் பல கடைக்காரர்களுக்குத் தெரியும். அனுபவசாலிகள் அவர்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் கேட்பவரும் இல்லை, சொல்ல நேரமும் இல்லை. செயற்கைச் சாயம் ஏற்றிய மீன்கள் இன்னும் விற்கின்றன. நிறம் சில மாதத்தில் போய்விடும். மீனின் ஆயுளும் அதோடு குறையும். அதை வாங்காமல் வருவது வாங்குபவர் கையில் முழுதாக இருக்கிற அதிகாரம்.

சென்னையின் வெப்பத்தைத் தேர்வில் கணக்கிடுபவர்கள் குறைவு. இருபது டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். முப்பது டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. அதே வேளை மீனின் தேவை கூடுகிறது. தொட்டி நிறைய மீன் இருந்து, மின்சாரமும் போனால், பெரிய மீன்கள்தான் முதலில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புறநகரில் பல பகுதிகள் மின்சாரமில்லாமல் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். பாட்டரியில் ஓடும் காற்று மோட்டார் அந்நேரம் உயிர்காக்கும். அதைவிடப் பெரிய காப்பு, தொட்டி தாங்கும் அளவில் பாதிக்கு மேல் மீன் விடாமல் இருப்பது. கவுராமி வகைக்கு நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. மேற்குப் புறநகர்த் தொட்டியில் அதற்கு ஓர் இடம் எப்போதும் தரலாம். கோடையில் தண்ணீர் மாற்றுவதை அதிகாலையில் வைத்துக்கொள்ள வேண்டும். மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குவது வெந்நீர்.

இனி, அந்த ஆறடியில் என்னதான் விடுவது? ஓர் இனத்தில் இருபது, முப்பது என்று கூட்டமாக விட வேண்டும் என்பேன். பத்து இனத்தில் இரண்டிரண்டு விடுவது காட்சிப்பெட்டி. ஓர் இனத்தில் முப்பது விட்டால் அங்கே ஒரு சமூகம் உருவாகிறது. போயிஸ்மேனி ரெயின்போ பத்து சென்டிமீட்டர் அளவுள்ளது, கடின நீருக்கும் பழகியது, வெயில் பட்டால் உடலின் முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக மின்னும். ஆறடி நீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது கூட்டமாக ஓடிக் கடப்பதைப் பார்த்தவர்கள் ஆஸ்கரைத் தேடமாட்டார்கள். சில்வர் டாலர் எட்டு வைக்கலாம். செடி மட்டும் மிஞ்சாது.

நம் ஊர் மீன்களுக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். தென்னிந்திய ஓடைகளின் மலபார் டேனியோவும், முதுகுத் துடுப்பு நூல்நூலாக நீளும் ஃபிலமென்ட் பார்பும் இந்த அளவுத் தொட்டிக்கென்றே அமைந்தவை போன்றவை. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து 1831இல் இயற்கை அறிவியலாளர் குவியே விவரித்த சின்னஞ்சிறு மீன் ஒன்றுக்கு "குபானஸ்" என்ற அறிவியல் பெயர் அந்த ஊரிலிருந்தே வந்தது. காற்றைச் சுவாசிக்கும் அந்த மீன் நம் வயல்களிலும் உண்டு. ஆனால் டேனியோக்களின் வேகத்துக்கு நடுவே அது ஒடுங்கிவிடும். அதற்குத் தனியாகச் சின்னத் தொட்டிதான் பொருத்தம். "மிஸ் கேரளா" என்று விற்கும் டெனிசன் பார்ப் அழகில் எதற்கும் குறைந்ததல்ல. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த வேகநீர் மீனான அது நம் முப்பது டிகிரியில் தவிக்கும். அழியும் ஆபத்திலுள்ள இனம் வேறு. பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை அதைத் தொடக் கூடாது.

மிகப் பெரிய குற்றம் தொட்டிக்கு வெளியே நடக்கிறது. வளர்ந்துவிட்ட மீனை என்ன செய்வது என்று தெரியாதவர்கள், கொல்ல மனமில்லாமல், பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்றே நினைத்துச் செய்கிறார்கள். தென் அமெரிக்கச் சக்கர் சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இப்படித்தான் பெருகியது. அதன் முள்துடுப்பு வலையைக் கிழிக்கிறது, கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது, தண்ணீரில்லாமல் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது, சந்தையில் விலைபோவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரி குத்தம்பாக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த வட்டாரத்து ஏரிகள் வரத்துக்கால்வாயாலும் கலங்கலாலும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. ஓர் ஏரியில் விட்ட மீன் அடுத்த பெருமழைக்கு வேறோர் ஏரியில் இருக்கும். இரண்டு அங்குலத்தில் இருபது, முப்பது ரூபாய்க்கு வாங்கிய சக்கர் ஓரடியைத் தாண்டும்போது, சுத்தம் செய்ததைவிடக் கழித்ததே அதிகமாக இருக்கும். பாசியைச் சுரண்ட ஒரு ஸ்பாஞ்சு போதும். இந்த ஒரு மீனை மட்டுமாவது வாங்காமல் இருக்கக் கூடாதா?

2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன்தொட்டிக் கடைகளுக்கென விதிகளை அறிவித்து 158 இனங்களுக்குத் தடை போட்டது. கோமாளி மீன் போன்ற கடல் மீன்களும் அதில் இருந்தன. வளர்ப்போரும் வணிகர்களும் எதிர்த்ததால் அதே ஆண்டில் அது திரும்பப் பெறப்பட்டது. சிறு பண்ணைக் குடும்பங்களின் பிழைப்பை யோசிக்காமல் எழுதிய விதி. போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதன் இடத்தில் எதுவும் வரவில்லை. கொளத்தூர் வணிகத்துக்கென அரசு வர்த்தக மையம் கட்ட முடிந்த இடத்தில், ஒவ்வொரு தொட்டியின் மேலும் நான்கு வரி எழுதவைக்க முடியாதா: முழு வளர்ச்சி நீளம், குறைந்தபட்சக் கூட்டம், தண்ணீர், தொட்டி அளவு? வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் இப்போதே சில இருக்கின்றன. அவர்களைத் தேடிப்போய் வாங்க வேண்டும்; "பெரிசானா எடுத்துப்பீங்களா அண்ணா?" என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். இல்லை என்றால் அந்த மீனை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.