காப்பியங்களில் வானவர்: சொல்லும் பணியும்

சமய நம்பிக்கையில் வானதூதர் பெறும் இடத்தை வெறுங் கற்பனையெனத் தள்ளுவோரும், ஆய்வுக்கு அப்பாற்பட்டதெனப் போற்றுவோரும் ஒரு வினாவை எழுப்புவதில்லை: தூதர் யாரிடம் அனுப்பப்படுகின்றார்?

வீரமாமுனிவரின் தேம்பாவணியும் (1726) உமறுப்புலவரின் சீறாப்புராணமும் இவ்வகையில் ஒப்புநோக்கற்பாலன. முன்னதில், ஏரோது மன்னனின் கொலைவெறியிலிருந்து குழந்தையைக் காக்குமாறு தச்சனாகிய சூசையிடம் வானவன் உரைக்கின்றான். பின்னதில், குறைசித் தலைவர்களிடமன்றி, ஹிறாக் குகையில் தனித்திருந்த நபிகளிடம் ஜிபுறயீல் இறைமொழி கொணர்கின்றார்; நபிகளோ தந்தையற்று வளர்ந்தவர், வணிகம் செய்தவர். அரண்மனையின் வாயிலை நாடாது எளியோரை வந்தடையும் ஆணையாகவே வானவர் ஈண்டு அமைகின்றனர். இந்நம்பிக்கையின் சமூக உள்ளடக்கம் இதுவே.

ஆயின், ‘வானவர்’ என்பது தமிழ் மரபில் வழிபாட்டுக்குரிய தேவரையும் சுட்டிய சொல்லாகும். இஸ்லாத்தின் மலக்குகளோ படைக்கப்பட்டோர், வணங்கப்படுவோர் அல்லர். பழஞ்சொல்லிற் புதுப்பொருளை ஏற்றியமை உமறுவின் ஆற்றலுக்குச் சான்றாகும்.

எனினும், தன்னேரில்லாத் தலைவனை வேண்டும் காப்பிய மரபுக்கு இருவரும் கட்டுப்பட்டனர். தச்சனின் தொழிலினும் தாவீதின் அரசமரபே தேம்பாவணியில் ஓங்கி நிற்கின்றது. தூதரின் தேர்வு உணர்த்திய எளிமையை அணிநலன் மறைத்துவிடுகின்றது. இம்முரண்பாட்டைக் காணாது, பண்பாட்டுக் கலப்பெனப் பாராட்டி அமைவது திறனாய்வாகாது.