கேஸ் ஷீட் யார் கையில்?

ஆஸ்பத்திரியில் எதிர்பாராமல் ஒருவர் இறந்துவிட்டால், உடலை வாங்க மறுத்துச் சாலையில் உட்காருவதுதான் ஏழையின் நீதிமன்றம் என்ற வாதத்தை இப்போது படித்தவர்களும் சொல்கிறார்கள். ராசிபுரம் போன்ற ஊர்களில் மேடையில் இதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. என்னால் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை.

மறியலால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது தரவே இழுத்தடிக்கும் காவல் நிலையம் மறியல் நடந்தால் அசைகிறது, டி.எஸ்.பி. நேரில் வருகிறார். கோர்ட்டின் வேகமும் தெரிந்ததுதான். கொல்கத்தாவில் தவறான சிகிச்சைக்கு ஆளான அனுராதா சாஹா 1998-ல் இறந்தார். உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்தது 2013-ல். வழக்கை நடத்திய கணவர் குணால் சாஹா ஒரு டாக்டர். அவருக்கே 15 ஆண்டு என்றால், தறி ஓட்டுகிறவருக்கு எத்தனை ஆண்டு என்ற கேள்வி நியாயமானது.

மறியல் நடக்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் என் ஆட்சேபம். வெளியே பெண்கள் தார்ச் சாலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள். உள்ளே ஒரு அறையில் ஆஸ்பத்திரித் தரப்பு, கட்சிக்காரர் ஒருவர், சாதிச் சங்கத்துக்காரர் ஒருவர், இறந்தவரின் மைத்துனரோ சித்தப்பாவோ. தொகை ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். ஒரு வெள்ளைத் தாள் வரும். “எங்களுக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை, பிரேதப் பரிசோதனை தேவையில்லை” என்று யாரோ சொல்லச் சொல்ல யாரோ எழுதுவார்கள். கண்ணீர் காயாத ஒருவர் அதில் கையெழுத்துப் போடுவார். புகார் பதிவாகும் முன்பே பேச்சு முடிந்துவிட்டால், இருட்டுவதற்குள் உடல் சுடுகாட்டுக்குப் போய்விடும். அவர் எப்படி இறந்தார் என்பதைச் சொல்லக்கூடிய முதல் சாட்சி அங்கே எரிந்துபோகிறது.

இரண்டாவது சாட்சி கேஸ் ஷீட். எந்த மணிக்கு எந்த ஊசி போடப்பட்டது, ரத்த அழுத்தம் எப்போது இறங்கியது, பெரிய டாக்டருக்கு எப்போது சொன்னார்கள், அவர் எப்போது வந்தார் என்பதெல்லாம் நர்ஸ் குறிப்பிலும் மயக்க மருந்துப் பதிவிலும் இருக்கும், அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. நோயாளியோ அவர் தரப்பினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் இந்த ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளே சொல்கின்றன. எழுத்தில் கேட்டுத் தேதி போட்டு நகல் வைத்துக்கொண்டால் போதும், வக்கீல்கூடத் தேவையில்லை. மறியல் நடக்கும் அந்த நாளில் இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. பிற்பாடு கேட்கும்போது வருவது அன்று எழுதியதா, அப்புறம் திருத்தி எழுதியதா என்று யார் சொல்வது?

‘டாக்டரைக் கைது செய்’ என்ற முழக்கமும் போய்ச் சுவரில்தான் மோதுகிறது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறாமல் டாக்டர் மீது குற்ற வழக்கு நடத்தக் கூடாது, வழக்கமான முறையில் கைதும் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூச்சுத் திணறிய முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பதுதான் அந்த வழக்கின் புகார். அதிலேயே டாக்டர் மீதான குற்ற வழக்கு நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்குச் சிவில் பொறுப்பு இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். கோபத்தைக் கைதின் பக்கம் திருப்பிவிடுகிறவர்கள் இதைக் குடும்பத்திடம் சொல்வதில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது கிஷன் ராவ் வழக்கை. ஹைதராபாத்காரர், மலேரியா துறையில் வேலை பார்த்தவர். 2002-ல் காய்ச்சலோடு மனைவியை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே டைபாய்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அங்கே மனைவி இறந்தார். ரத்தத்தில் மலேரியா கிருமி இருந்தது, டைபாய்டுக்கான விடால் சோதனை நெகட்டிவ் என்பதை அந்த இரண்டாவது ஆஸ்பத்திரியின் ஆவணங்கள் சொல்லின. மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் கொடுத்தது, மேல் மன்றங்கள் தள்ளிவிட்டன, 2010-ல் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. நுகர்வோர் வழக்குகள் எல்லாவற்றுக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்றும் சொன்னது. 2 லட்சம் என்பது இன்று நம்மூர்ப் பேச்சுவார்த்தை அறையில் தொடக்க விலைகூட இல்லை. ஆனால் மனைவி எதனால் இறந்தார் என்பது அவருக்குத் தெரியும், நாட்டுக்கும் தெரியும். அறைக்குள் தொகை வாங்கிய குடும்பத்துக்கு அது கடைசி வரை தெரியாது. தவறு செய்தவர் அடுத்த மாதமும் அதையே செய்வார். தவறே செய்யாத டாக்டரும் பயந்து பணம் கொடுப்பார், பிறகு கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றாலே தொடாமல் “சேலத்துக்குக் கொண்டு போங்க” என்பார். வழியிலேயே போகிற உயிர்கள் எந்தக் கணக்கிலும் வராது.

‘ஏழையின் நீதிமன்றம்’ என்ற பெயர்தான் என்னை மிகவும் உறுத்துகிறது. அந்த அறையில் தொகையைத் தீர்மானிப்பது வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். சங்கமும் சொந்தமும் உள்ளவருக்கு லட்சங்கள். கொல்லிமலையிலிருந்து புருஷனைக் கொண்டுவந்து, தனியாக நிற்கிற பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் வாடகை. ஆள்பலத்தை எடை போட்டு விலை வைக்கிற இடத்துக்கு நீதிமன்றம் என்று பெயர் வைப்பதை நான் அநியாயம் என்றே சொல்வேன். அதில் தரகு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்தது.

2022 நவம்பரில் சென்னையில் கால்பந்து வீராங்கனை பிரியா இறந்தபோதும் போராட்டம் நடந்தது, அரசு பணமும் கொடுத்தது. ஆனால் மருத்துவக் குழு விசாரித்து, மூட்டு அறுவைக்குப் பின் இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்ததைச் சொன்னது. பதில் அந்த விசாரணையிலிருந்துதான் வந்தது.

ராசிபுரத்தில் உடலை வாங்காமல் உட்காருகிறவர்கள் உட்காரட்டும். ஆனால் அறைக்குள் போகிறவர் தொகையைப் பேசும் முன் வீடியோ பதிவோடு பிரேதப் பரிசோதனையைக் கேட்கட்டும், கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேட்கட்டும். தனியார் ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். “சந்தேகம் இல்லை” என்ற அந்த வெள்ளைத் தாளில் மட்டும் அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.