நீலத்தில் மூன்று

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வரிசையாக நிற்கும் ஃபைட்டர் மீன் பாட்டில்களைக் காட்டி, “அந்த நீலம் கொடுங்க” என்பார்கள். எந்த நீலம்? டர்க்காய்ஸில் மயில்கழுத்துப் பச்சை கலந்திருக்கும். ஸ்டீல் ப்ளூ சாம்பல் பூத்தது. இரண்டுக்கும் நடுவே, ஆழ்ந்த ராயல் ப்ளூ. மங்கிய கடை வெளிச்சத்தில் மூன்றும் ஏமாற்றும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த நீலம் சாயமே அல்ல. தோல் செல்களிலுள்ள குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பியனுப்பும் ஜாலம். சிவப்பு அப்படியில்லை, அசல் நிறமி.

இதில் நான் ரசிப்பது கணக்கை. ராயல் ப்ளூ ஜோடியின் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் பெற்றோரைப் போலிருக்கும். கால்பங்கு டர்க்காய்ஸ், கால்பங்கு ஸ்டீல். எல்லாமே ராயல் ப்ளூவாக வேண்டுமா? டர்க்காய்ஸையும் ஸ்டீலையும் ஜோடி சேர்க்க வேண்டும். ராயல் ப்ளூ பெற்றோரே தேவையில்லை!

மார்பிள் ரகத்திடம் மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது. இன்று வெள்ளை உடலில் நீலத் திட்டு. சில மாதங்களில் மீன் முழுக்க நீலமாகலாம். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டு ஒன்றின் வேலை அது.